முழங்காலோடு நின்ற நுரை

எரிந்த காருக்குள் இடுப்பு வரை நுழைந்து, மிச்சத்தை வெளியே விட்டிருந்தார் சித்தி. வெகு நேரமாக அசைவே இல்லை.

"சித்தி, துப்பு கிடைச்சுதா, இல்ல மாட்டிக்கிட்டீங்களா? மாட்டிக்கிட்டா சொல்லுங்க, காலைப் பிடிச்சு இழுக்கிறேன்."

"டார்ச்சை ஆட்டாம பிடி வாலு. உன் வாய் தானா ஆடும், அதை நான் கேட்கல."

வாலு என்பது நான்தான். சித்தி என் அம்மாவின் தங்கை. தீப்பிடித்த கடைகளையும் கிடங்குகளையும் பார்த்து, தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்ததா என்று சொல்லும் வேலையை இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் செய்தவர். மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினார். நான் போன வேலையிலெல்லாம் துரத்தப்பட்டு, "இவனை நீயாவது வச்சுக்கோ" என்று அம்மாவால் சித்தி தலையில் கட்டப்பட்டவன். அவர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவதால் இந்தப் பட்டம். சேட்டைக்காகவும்தான் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்குப் பொறாமை.

ரேஸ் டிராக்குக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஷெட்டுகளில் ஒன்றில் நின்றுகொண்டிருந்தோம். எங்களை வரவழைத்த பெண் கதவுக்கும் காருக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள், அடுத்த நொடி எழுந்துவிடுவாள். அவளைப் பார்த்து எனக்கும் கால் நிற்கவில்லை.

விஷயம் இதுதான். அவள் கணவன் ரேஸ் டிரைவர். போன வாரம் காலைப் பயிற்சியில் பெட்ரோல் குழாய் வெடித்து, இன்ஜினில் பிடித்த தீ உள்ளே வந்துவிட்டது. அவர் தீயணைப்புக் குமிழை இழுத்தார். சீட்டுக்குப் பின்னால் இருந்த சிலிண்டரிலிருந்து நுரை பாய்ந்தது. உயிர் தப்பியது. ஆனால் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெந்துவிட்டன. குழாய் வெடித்தது யார் குற்றமும் இல்லை என்று டிராக்கின் பரிசோதகர் முடிவு செய்துவிட்டார். நுரை ஏன் கால்களுக்குப் போகவில்லை என்பதுதான் கேள்வி.

அதற்கும் பதில் வந்துவிட்டது. நுரையைப் பீய்ச்சும் நாசிலைப் பொருத்திய ஃபிட்டர் தானே பரிசோதகரிடம் போய், "நான்தான் தப்பான பக்கம் திருப்பி வச்சுட்டேன்" என்று ஒப்புக்கொண்டான். அந்த ஃபிட்டர் இவளுடைய கூடப் பிறந்த தம்பி.

"அவன் அப்படி வைக்க மாட்டான் மேடம்," என்றாள் அவள், நடந்துகொண்டே. "சின்ன வயசுல சைக்கிள் பெல்லைக்கூட மூணு தடவை கழட்டி மாட்டுவான். சாயங்காலம் இங்க மாடியில விசாரணை. அங்கேயும் இதையே சொன்னா லைசென்ஸ் போயிடும். அதோட விட்டா பரவாயில்ல, என் கொழுந்தன் போலீசுக்குப் போறேங்கிறார். வேணும்னே செஞ்சதுன்னு."

"வேணும்னே செய்ய என்ன காரணமாம்?"

"தீப்பிடிச்சதுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் பெரிய சண்டை. ஷெட்டே கேட்டுச்சு. எதுக்குன்னு கேட்டா ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. இந்த விசாரணை நடக்கிறதே அவருக்குத் தெரியாது. மனசு அலட்டிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், அதனால நானும் சொல்லல." நின்றாள். "ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. நான் எந்தப் பக்கம் போய் நிப்பேன், சொல்லுங்க."

சித்தி காரிலிருந்து வெளியே வந்தார். மூக்கில் கரி. நான் சொல்லவில்லை. சொன்னால் துடைத்துவிடுவார்.

"வாலு, எட்டிப் பாரு. டேஷ்போர்டுக்கு அடியில ஒரு நாசில் இருக்கு. எங்க பார்த்துட்டிருக்கு?"

பார்த்தேன். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழல். டிரைவரின் கால்களைப் பார்க்க வேண்டியது, பக்கத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரேஸ் காரில் பக்கத்து சீட்டே கிடையாது. வெறும் தகரம்.

"காலி இடத்தைப் பார்க்குது சித்தி. இல்லாத ஆளை நுரையால குளிப்பாட்டியிருக்கு."

"குளிப்பாட்டியிருந்தா அந்தத் தரை எப்படி இருக்கணும்?"

தொட்டுப் பார்த்தேன். விரலில் காய்ந்த கரி மட்டும் ஒட்டியது. பிறகு ஸ்டீயரிங்கையும் சீட்டின் விளிம்பையும் தொட்டேன். அங்கே கழுவாமல் விட்ட சோப்பு மாதிரி வெள்ளையாக ஏதோ காய்ந்து பிசுபிசுத்தது.

"இது வெளியில இருந்து தீயணைக்க வந்தவங்க அடிச்சதா இருந்தா?"

"அவங்க அடிச்சது பவுடர். பானட் பூரா மஞ்சளா கிடக்கு பாரு. இது நுரை. இப்ப நாசிலைப் பிடிச்சிருக்கிற நட்டைப் பாரு."

நாசில், பட்டை, ஒயர் எல்லாவற்றிலும் கரி படிந்திருந்தது. அந்த நட்டின் மூலைகள் மட்டும் பளபளத்தன. நான் மக்குதான், ஆனால் அவ்வளவு மக்கு இல்லை.

"கரி படிஞ்சதுக்கு அப்புறம் யாரோ ஸ்பேனர் போட்டிருக்காங்க."

"ஆமா. தீ அணைஞ்ச பிறகு நாசிலைத் திருப்பியிருக்காங்க. தீப்பிடிச்சப்ப அது சரியாத்தான் பார்த்துட்டிருந்தது."

"பரிசோதகர் இதைப் பார்க்கலையா?"

"குத்தத்தை ஒத்துக்கிட்டவன் கண்ணு முன்னாடி நிக்கும்போது தரையைத் தடவிப் பார்க்க யாருக்குத் தோணும்? தொட்டுப் பார்க்கலாம், எதையும் கழட்டக் கூடாதுன்னு நம்மள விட்டதே பெரிசு."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "கொழுந்தன்தான்," என்றாள். "என் வீட்டுக்காரர் இல்லாட்டி அடுத்த ரேஸ்ல ஓட்டப் போறது அவர்தான். என் தம்பியும் போயிட்டா, கேட்க ஆளில்ல."

கொழுந்தனை அடுத்த ஷெட்டில் பிடித்தோம். என்னைப் போலவே நெட்டை. அண்ணனின் ஹெல்மெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஹெல்மெட் அளவு சரியா இருக்கா சார்?" என்றேன். "இல்ல, அண்ணன் வர்றதுக்குள்ள தலையைக் கொஞ்சம் பெருசாக்கணுமா?"

"யார் நீங்க?"

"இவன் பேசினதுக்குப் பதில் சொல்ல வேணாம்," என்றார் சித்தி. "நான் கேட்கிறதுக்குச் சொன்னா போதும். தீ அணைஞ்ச பிறகு, பரிசோதகர் வந்து காருக்கு சீல் வைக்கிற வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"ஆம்புலன்ஸ்ல. அண்ணன் கையைப் பிடிச்சுட்டு. ராத்திரி வரைக்கும் ஆஸ்பத்திரியிலதான்."

"கூட யார் இருந்தா?"

அவர் எங்கள் பின்னால் கையைக் காட்டினார். "அண்ணி. முன் சீட்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா," என்றாள். "இருந்தார். எனக்கு... ஞாபகமே வரல."

கொழுந்தன் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "அண்ணி, உங்க தம்பியைக் காப்பாத்த என்னை மாட்டி விடப் பார்க்கிறீங்க. எங்க அண்ணன் கால் ரெண்டும் போச்சு. நான் சும்மா இருக்கணுமா?" அவர் குரல் உடைந்தது. அவரைக் கிண்டல் செய்ததற்காக எனக்கு உள்ளுக்குள் குத்தியது. நம்ம வாய் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

வெளியே வந்ததும் சித்தி அவளிடம் மெதுவாகக் கேட்டார். "ஆம்புலன்ஸ்ல போனீங்கன்னா, அவ்வளவு காலைல டிராக்ல இருந்திருக்கீங்க. எதுக்கு?"

"அவருக்கு டிபன் கொண்டு வந்தேன்."

"ம்," என்றார் சித்தி. அந்த 'ம்' எனக்குப் பிடிக்காத 'ம்'. "நீங்க போய் உங்க தம்பியைக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரம்."

அவள் கிட்டத்தட்ட ஓடினாள்.

சீல் வைக்கும் வரை காரோடு இருந்தவர் யார் என்பது மட்டும்தான் இப்போது தெரிய வேண்டும். காரை டிராக்கிலிருந்து ஷெட்டுக்கு இழுத்து வந்த இழுவை வண்டிக்காரரைத் தேடினோம். தன் வண்டியின் நிழலில் படுத்திருந்தார். எழுப்பியதற்கு வருத்தப்பட்டாரே தவிர, பேசத் தயங்கவில்லை.

"இழுக்கும்போது ஸ்டீயரிங் பிடிக்க உள்ள ஒரு ஆள் உக்காரணும்ல? அந்த ஃபிட்டர் தம்பிதான் உக்காந்தான். சூடு இன்னும் ஆறல, வேணாம்டான்னேன். கேட்கல. வழி பூரா அழுகை. ஷெட்டுக்குள்ள விட்டதும் உள்பக்கமா கதவைச் சாத்திக்கிட்டான். பரிசோதகர் வந்து தட்டின பிறகுதான் திறந்தான்."

"உள்ள வேற யாரும் போகல?"

"ஈ, காக்கா போகல."

திரும்பி நடக்கும்போது நான் சித்தியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "ரொம்ப நல்லாருக்கு. யாரைக் காப்பாத்த வந்தோமோ அவனே நாசிலைத் திருப்பியிருக்கான். நேரா மேல போய் 'இவனை இன்னும் நல்லா பிடிச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாமா?"

"தப்பை மறைக்கத் திருப்புறவன் சரியான பக்கம் திருப்புவான்டா. இவன் தப்பான பக்கம் திருப்பியிருக்கான். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிறவன் எதுக்குப் போட்டுக்கிறான்? அதை யோசி."

யோசித்தேன். வரவில்லை. பசி மட்டும் வந்தது.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் மூலையில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் துள்ளி விழுந்தேன். ஆள் இல்லை, பொம்மை. பழைய ரேஸ் ஓவரால் ஒன்றுக்குள் கந்தலை அடைத்து, தலைக்கு ஒரு வாளியைக் கவிழ்த்திருந்தார்கள். எங்கள் பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்துவிட்ட இழுவை வண்டிக்காரர் சிரித்தார்.

"பயப்படாதீங்க, அது மாப்பிள்ளை. ஒரு வேலையும் செய்யாம சட்டமா உக்காந்திருக்கும், எல்லாரும் அதைக் கவனிக்கணும், அதான் அந்தப் பேரு. நாசில் மாட்டுறப்பல்லாம் ஃபிட்டர் தம்பி இதைத்தான் சீட்ல உக்கார வைப்பான். சிலிண்டர்ல நுரைக்குப் பதிலா நீலம் கலந்த தண்ணி. அடிச்சு விடுவான். எங்க நீலம் படலையோ, அந்தப் பக்கம் நாசிலைத் திருப்புவான். மறுபடி அடிப்பான். துணி காயறதுக்குள்ள நமக்குப் பொழுது போயிடும்."

சித்தி மாப்பிள்ளையின் முன்னால் மண்டியிட்டார். மடியில் நீலம். முழங்காலிலிருந்து பாதம் வரை சொட்டச் சொட்ட நனைந்து காய்ந்த நீலம். கழுத்துக்கு மேலே ஒரு துளி இல்லை.

"மூஞ்சியில பட்டா மூச்சு முட்டும்னு அதைக்கூடப் பார்த்து வச்சிருக்கான்," என்றார். "இவனா தப்பா வைப்பான்? வாலு, அந்தப் பை எங்க?"

ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துக் கொடுத்த கணவனின் ஓவரால் அதில் இருந்தது. அந்தப் பெண் எங்களிடம் கொடுத்தபோது, திறந்து பார்க்கும் தைரியம் தனக்கு இல்லை என்றாள். எனக்கும் இல்லை. சித்தி திறந்து மாப்பிள்ளையின் பக்கத்தில் விரித்தார்.

முழங்காலில் வெள்ளையாகத் தடிப்பாக நுரை காய்ந்திருந்தது. அதற்குக் கீழே துணி கருகிப்போயிருந்தது. நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை.

"நுரை வந்திருக்கு," என்றார் சித்தி. "முழங்காலோட நின்னிருக்கு. மாப்பிள்ளைக்குப் பாதம் வரைக்கும் போனது இவருக்கு ஏன் போகல?" சுண்டுவிரல் நகத்தைக் கடித்தார். திடீரென்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணத் தரகர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. "நீ அவர் உயரம்தானே? ஏறு."

"எரிஞ்ச கார்லயா?"

"கொஞ்ச நேரம் நீ மாப்பிள்ளையா இரு. உனக்கு வேற வழியில அது நடக்கப் போறதில்ல."

ஏறினேன். ஏறினேன் என்று சொல்வது எளிது, மடிந்து நுழைந்தேன். உட்கார்ந்ததும் இரண்டு முழங்காலும் டேஷ்போர்டில் போய் இடித்தன. நாசிலுக்கு நேர் கீழே என் முழங்கால். அதற்கு அந்தப் பக்கம் என் கால்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்கே தெரியவில்லை.

"சித்தி, குழந்தைங்க சைக்கிள்ல ஏறின மாதிரி இருக்கு. இப்படியா மனுஷன் ரேஸ் ஓட்டுவான்?"

"சீட்டைப் பின்னாடி தள்ளு."

கீழே லீவரைத் தேடி இழுத்தேன். அசையவில்லை. சித்தி குனிந்து டார்ச் அடித்தார். சீட் நகரும் தண்டவாளம் சூட்டில் வளைந்து இறுகிப் போயிருந்தது. அதன் மேல் இரும்புக் கம்பியால் நெம்பிய புதுக் கீறல்கள், கரிக்கு மேலே.

சித்தி டார்ச்சை அணைத்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இறங்கு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாமலே இருந்திருக்கலாம்."

இழுவை வண்டிக்காரரை நைசாக வெளியே அனுப்பிவிட்டு வரச் சொன்னார். நான் அனுப்பிவிட்டு வருவதற்கும், அக்காவும் தம்பியும் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது. ஃபிட்டர் குள்ளமான, ஒல்லியான பையன். யார் முகத்தையும் பார்க்காமல் காரை மட்டும் பார்த்தான்.

"சுத்தி வளைக்க நேரமில்ல தம்பி," என்றார் சித்தி. "தீ அணைஞ்ச பிறகு நாசிலைத் திருப்பினது நீ."

"நான் முதல்லயே தப்பாத்தான் வச்சேன். அதான் சொல்லிட்டேனே."

"அப்படின்னா நுரை தரையில கிடக்கணும். உன் மாமா முழங்கால்ல எப்படி வந்துச்சு?"

அவன் காருக்கும் சித்திக்கும் நடுவே போய் நின்றான்.

"நீ சரியா வச்சே. மாப்பிள்ளை கால்ல நீலம் இன்னும் போகல. முதல்ல சீட்டைத்தான் நகர்த்தப் பார்த்தே. கம்பி போட்டு நெம்பினே, வரல. அதனால நாசிலைத் திருப்பிட்டே. எல்லாரும் நாசிலையே பார்த்துட்டிருந்தா யாரும் சீட்டைப் பார்க்க மாட்டாங்க."

"சீட்டா?" என்றாள் அக்கா. "சீட்டுக்கு என்ன?"

"மேடம், வேணாம்," என்றான் தம்பி. முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். "உங்க கால்ல விழறேன். வேணாம்."

சித்தி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தம்பியைக் காப்பாத்தச் சொன்னீங்க. காப்பாத்தலாம். ஆனா அதுக்கு நான் ஒண்ணு சொல்லணும். காதுல விழுந்துட்டா விழுந்ததுதான். சொல்லவா?"

"சொல்லுங்க."

"இந்த சீட்ல உக்காருறது உங்க வீட்டுக்காரரும் அவர் தம்பியும். ரெண்டு பேரும் நெட்டை. ஆனா தீப்பிடிச்ச அன்னிக்கு சீட் நல்லா முன்னாடி இருந்திருக்கு. உயரம் கம்மியான ஒருத்தருக்குப் பெடல் எட்டுற அளவுக்கு. நாசிலை வச்சது நீட்டின காலுக்கு. மடங்கின முழங்கால் குறுக்கே வந்துடுச்சு. நுரை அதோட நின்னுடுச்சு."

அவள் காரின் சீட்டைப் பார்த்தாள். என் தோள் உயரம்கூட இல்லை அவள். காலையிலிருந்து பக்கத்திலேயே நிற்கிறாள், எனக்கு அது உறைக்கவே இல்லை.

"நான் பின்னாடி தள்ளல," என்றாள். "இறங்கினேன்... தள்ளவே இல்ல."

"நான் தள்ளியிருக்கணும்க்கா. தினமும் நான்தானே தள்ளுவேன்."

அப்புறம் அவன் கொட்டித் தீர்த்துவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் அக்காதான் அவனுக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவள். கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டில் ஒருத்தர் ஓட்டினால் போதும் என்று கணவன் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளாக, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் தம்பி அவளுக்கு வண்டியைக் கொடுத்திருக்கிறான். முந்தின நாள் சண்டையும் அதற்குத்தான். "அக்காவை ஓட்ட விடுங்க மாமா" என்று கேட்டிருக்கிறான். முடியாது என்றிருக்கிறார்.

"அன்னிக்கு மாமா சீக்கிரம் வந்துட்டார். அக்காவைப் பின்வாசல் வழியா அனுப்பிட்டு ஓடி வர்றேன், அவர் பெல்ட்டைப் போட்டுக் கிளம்பிட்டார். முழங்கால் தூக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன். நான் கையைத் தூக்கியிருந்தா நின்னிருப்பார். சீட்டை யாருடா தள்ளினதுன்னு கேட்டிருப்பார். என்ன சொல்றது? ஒரு ரவுண்டுதானே, சுத்திட்டு வரட்டும்னு விட்டுட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "கையைத் தூக்கல மேடம். அந்தத் தப்புக்குத்தான் நான் தண்டனை கேட்கிறேன். எந்தத் தப்புன்னு பேர் மாத்திச் சொன்னா என்ன?"

அக்கா அவனுடைய தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. "உன்னை ஜெயில்ல போட்டிருப்பாங்கடா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ நேரா மாமாகிட்ட போய் நிப்பே. அவர் காலை எரிச்சவள்னு உன்னைப் பார்ப்பாரா, பொண்டாட்டின்னு பார்ப்பாரா? உன் வீடு என்ன ஆகும்?"

"என் வீட்டைக் காப்பாத்த உன்னை யாருடா கேட்டா," என்று சொல்லி, அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மேலே விசாரணைக்குக் கூப்பிட ஆள் வந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தியைப் பார்த்தாள்.

"நான் சொல்லலன்னா, நீங்க சொல்வீங்களா?"

"நீங்கதான் என்னைக் கூப்பிட்டீங்க. நீங்க சொல்லாததை நான் சொல்ல மாட்டேன்."

படியில் ஏறும்போது சித்தி என் கையைக் கிள்ளினார். "வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்" என்று அதற்கு அர்த்தம்.

மாடி அறையில் ஜன்னலுக்குக் கீழேயே டிராக். ஒவ்வொரு கார் போகும்போதும் கண்ணாடி அதிர்ந்தது. பரிசோதகர் பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் எதிரே. ஃபிட்டர் நடுவில் நின்றான்.

"நாசிலைத் தப்பா வச்சதை ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்து..."

"அவன் பொய் சொல்றான்," என்றாள் அக்கா.

"அண்ணி, நீங்க உக்காருங்க," என்றார் கொழுந்தன். "இது வண்டி விஷயம்."

"வண்டி விஷயம்தான் பேசறேன். அன்னிக்குக் காலைல அந்த வண்டியை முதல்ல எடுத்தது நான். எனக்காக சீட்டை முன்னாடி தள்ளினேன். திருப்பித் தள்ளல. நாசில்ல குறை இல்ல."

பரிசோதகர் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. "தம்பிக்காக அக்கா பழியை ஏத்துக்கிறது புதுசு இல்லம்மா. அந்த வண்டியை நீங்க ஓட்டினீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

"மூணாவது வளைவுல பிரேக்கை விட்டதும் முன்பக்கம் வெளியே நழுவும். உடனே ஸ்டீயரிங்கை ஒடிச்சா மண்ணுக்குப் போயிடும். ஒரு மூச்சு பொறுத்துத் திருப்பினா பிடிச்சுக்கும்."

கொழுந்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜையைப் பார்த்துச் சொன்னார். "சரியாத்தான் சொல்றாங்க. நான் அங்க மண்ணுக்குப் போயிருக்கேன்."

பரிசோதகர் எழுந்து கீழே போனார். சித்தி நட்டையும், தரையையும், இறுகிப்போன சீட்டையும், ஓவராலின் முழங்காலையும் காட்டினார். திரும்பி வந்து அவர் சொன்ன முடிவு சுருக்கமானது. நாசில் வைத்ததில் குற்றமில்லை. விபத்துக்குப் பிறகு காரைத் தொட்டதற்காகவும், ரேஸ் லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்டதற்காகவும் இந்த சீசன் முழுக்க ஃபிட்டர் டிராக்குக்குள் வரக்கூடாது. லைசென்ஸ் எடுக்கும் வரை அக்காவும்தான். போலீஸ் வரை போக ஒன்றுமில்லை.

தம்பி தப்பித்துவிட்டான். எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. அக்கா மட்டும் இன்னும் நின்றுகொண்டே இருந்தாள்.

"அண்ணனுக்கு நான் பக்குவமா சொல்லிக்கிறேன்," என்றார் கொழுந்தன்.

"வேணாம். ஊர் சொல்லி அவர் கேட்கக் கூடாது. நான் இப்பவே சொல்றேன்."

அவள் இரண்டு தடவை தப்பாக அழுத்தியதால் போனை நான் வாங்கி எண்ணைப் போட்டேன். பதற்றத்தில் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டேன். மறுமுனையில் கணவரின் குரல் கரகரவென்று வந்தது.

"என்னங்க," என்றாள். "அன்னிக்கு உங்களுக்கு முன்னாடி வண்டியை எடுத்தது நான். தம்பி கொடுத்தான். சீட்டை முன்னாடி தள்ளினது நான்தான். அதனாலதான் உங்க கால்..."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியும்," என்றது குரல். "ஏறின உடனே தெரிஞ்சுது. முழங்கால் இடிச்சுது. அவ்வளவு முன்னாடி உக்கார நம்ம வீட்டுல வேற யார் இருக்கா?"

"தெரிஞ்சும் ஏங்க சீட்டைப் பின்னாடி தள்ளல?"

"நீ எப்படி உக்காந்து ஓட்டியிருப்பேன்னு பார்க்கணும்னு தோணுச்சு. அப்படியே ஒரு ரவுண்டு போனேன்."

சித்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரை அணைத்து, அவளிடம் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.